டன்கெல்ட்: ஒரு பேர், ரெண்டு ஊர்

ஸ்கொட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில், டே ஆற்றங்கரையில் டன்கெல்ட் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. நம்ம டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி டன்கெல்ட் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. முதலாவது பேர்தான் கடல் கடந்து வந்து ரெண்டாவதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒரே பேரைச் சுமக்கும் இந்த ரெண்டு இடத்திலும் சாதாரண சனங்கள் குடியிருந்த பழைய வீடுகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், கதை ரெண்டு திசையில் போகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மலையகத்தில் பஸ் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் ஒரு ஸ்கொட்லாந்து வரைபடமே கடந்து போகும். தலவாக்கலையில் ஹோலிரூட், அது எடின்பரோ நகரத்து அரண்மனையின் பேர். நானுஓயாவில் எடின்பரோவே ஒரு தோட்டம். அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி. பெல்மோரல் பிரித்தானிய அரச குடும்பத்தின் கோட்டை, வேவர்லி வோல்டர் ஸ்கொட் எழுதிய நாவல். லிந்துலைப் பக்கம் இருக்கிற டிலிகூல்ட்ரி, ஸ்கொட்லாந்தில் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஒரு சின்ன ஊர். பூண்டுலோயாவில் டன்சினன். இங்கிலிஷ் பாடத்தில் மெக்பெத் படித்தவர்களுக்கு இந்தப் பேர் தெரியும். பேர்னம் காடு டன்சினன் மலைக்கு நடந்து வரும்வரை உன்னை யாரும் தோற்கடிக்க முடியாது என்று மெக்பெத்துக்குச் சொல்லப்படுகிறது. அந்தப் பேர்னம் எங்கே இருக்கிறது தெரியுமா? டன்கெல்டுக்கு நேரெதிரே, டே ஆற்றின் மறுகரையில். நாடகத்தில் காடு மலைக்கு வந்தது. நம்ம டன்சினனில் காட்டை வெட்டித்தான் மலையே தோட்டம் ஆனது.

இந்தப் பேர்கள் நம்ம வாயில் வேற மாதிரி ஆகிவிட்டன. டிக்கோயா ஆதார வைத்தியசாலையை இன்றும் பலர் 'கிளங்கன் ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்லுவாங்க. 'கிளன்' என்றால் கேலிக் மொழியில் பள்ளத்தாக்கு. 'டன்' என்றால் கோட்டை. டன்கெல்ட் என்றால் கலிடோனியர்களின் கோட்டை என்று பொருள். கலிடோனியர் என்பது ஸ்கொட்லாந்தின் பழங்குடி மக்களை ரோமர்கள் அழைத்த பேர். அர்த்தம் தெரியாமலே இந்தப் பேர்களைப் பிறப்புச் சான்றிதழில், ஸ்கூல் லீவ் கடிதத்தில், கல்யாணப் பத்திரிகையில் நாலைந்து தலைமுறையாக எழுதிக்கொண்டு வருகிறோம்.

பேர் வைத்தவர்கள் யார்? கோப்பிக் காலத்திலிருந்தே மலைநாட்டுத் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர்களின் பங்கு மிகப் பெரிது. எல்லாரும் பிரபு வீட்டுப் பிள்ளைகள் கிடையாது. இலங்கைத் தேயிலையின் தந்தை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த ஜேம்ஸ் டெய்லர் 1835இல் ஓக்கன்பிளே என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா வண்டிச்சக்கரம் செய்கிற தச்சர். 1852இல், இருபது வயசு கூட நிரம்பாமல், கப்பலேறி வந்தார். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் தொடங்கிய இலைத் துரு நோய் கோப்பியை அழித்தபோது அந்த 19 ஏக்கர்தான் மற்ற துரைமாருக்கு வழிகாட்டியது. டெய்லர் 1892இல் இறந்தார், ஊருக்குத் திரும்பவே இல்லை என்று சொல்லலாம். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை ஸ்கொட்லாந்து தேசிய நூலகம் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது.

அதே வருசங்களில் இன்னொரு கூட்டமும் ஊரை விட்டு வந்தது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து தோணியில் மன்னாருக்கு வந்து, மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்த கூட்டம். 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதே பாதை. இவர்களுக்கும் ஊர் ஞாபகம் இருந்தது. துரையூர், முசிறி, நாமக்கல் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆனால் அந்தப் பேர்கள் வீட்டுப் பேச்சிலும் பாட்டிலுமே தங்கிவிட்டன. ஊரைப் பிரிந்த ஏக்கம் ரெண்டு கூட்டத்துக்கும் பொதுவானது. அந்த ஏக்கத்தை நில வரைபடத்தில் எழுதும் அதிகாரம் ஒரு கூட்டத்துக்கு மட்டும் இருந்தது.

நம்ம ஆட்கள் தங்கள் பங்குக்கு வேற ஒரு வரைபடம் போட்டார்கள். மேற்கணக்கு, பணியக்கணக்கு, மேட்டு லயம், பெரட்டுக்களம், கவ்வாத்துச் சாமி, ஸ்டோரில் ரோதை முனி என்று. இது எந்தச் சர்வே பிளானிலும் இல்லை. ஆனால் ராத்திரியில் ஒருத்தர் வழி கேட்டால் இந்த வரைபடத்தை வைத்துத்தான் வழி சொல்லுவோம்.

இனி வீடுகளுக்கு வருவோம். முதலில் அங்கே.

ஸ்கொட்லாந்து டன்கெல்ட் ஒரு காலத்தில் முக்கியமான கிறிஸ்தவத் தலம். அதன் பேராலயம் பாதி இடிந்தும் பாதி வழிபாட்டிலும் இன்றும் நிற்கிறது. 1689 ஓகஸ்ட் 21ஆம் திகதி அங்கே ஒரு சண்டை நடந்தது. அரச படை ஒரு பக்கம், பதவி இழந்த மன்னர் ஜேம்ஸின் ஆதரவாளர்கள் மறு பக்கம். தெருத் தெருவாக நடந்த அந்தச் சண்டையில் ஊர் ஏறக்குறைய முழுசாக எரிந்து போனது. அதற்குப் பிறகு சனங்கள் திரும்பக் கட்டிய வீடுகள்தான் பேராலயத்துக்குப் போகும் தெருவிலும் சந்தைச் சதுக்கத்திலும் வரிசையாக இருப்பவை. மாளிகை ஒன்றும் இல்லை. கடைக்காரர், கைத்தொழில் செய்பவர் குடியிருந்த சின்ன வீடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, ஒரே வரிசையாக. தூரத்திலிருந்து பார்த்தால் நமக்குச் சட்டென்று லயம்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் ஒரு வீட்டுச் சுவரில் துணி அளக்கிற பழைய இரும்பு முழக்கோல் ஒன்று பதித்திருக்கிறது.

1950கள் வரும்போது இந்த வீடுகள் இடிக்கிற நிலைக்கு வந்துவிட்டன. கூரை ஒழுக்கு, ஈரம், வசதியின்மை. அந்தக் காலத்தில் பிரித்தானியா முழுக்க இப்படிப்பட்ட வீடுகளைச் சேரி என்று இடித்துத் தள்ளுவதுதான் வழக்கம். டன்கெல்டில் வேறு மாதிரி நடந்தது. ஸ்கொட்லாந்து தேசிய அறக்கட்டளையும் பெர்த் கவுன்ரி சபையும் அவற்றைப் பொறுப்பேற்றுத் திருத்தின. அறக்கட்டளையின் பங்கு 20 வீடுகள். வெளிச்சுவர், கூரைச் சாய்வு, ஜன்னல் எல்லாம் பழையபடி இருக்க, உள்ளே தண்ணீர், மலசலகூடம், வெளிச்சம் எல்லாம் புதுசாக வந்தன. மிக முக்கியமான விசயம், அவற்றை மியூசியம் ஆக்கவில்லை. ஆட்கள் குடியிருக்கத்தான் திருத்தினார்கள். 1960இல் அறக்கட்டளை 'சின்ன வீடுகள்' என்று ஒரு திட்டத்தையே தொடங்கியது. பழைய சின்ன வீடுகளை வாங்கு, திருத்து, தோற்றத்தைக் கெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு குடியிருப்பவருக்கு வித்துவிடு, வந்த காசில் அடுத்த வீட்டை வாங்கு. இதுதான் அதன் முறை.

இதன் பின்னால் ஒரு பழைய யோசனை இருக்கிறது. அந்த யோசனைக்காரர் நம்ம பக்கமும் வந்துபோனவர். பட்ரிக் கெடிஸ், 1854இல் ஸ்கொட்லாந்தில் பெல்மோரல் கோட்டைக்குக் கிட்ட இருக்கிற பலட்டர் என்ற ஊரில் பிறந்தவர். 1880களில் கல்யாணம் முடித்த கையோடு மனைவி அன்னாவும் அவரும் எடின்பரோவின் பழைய நகரில், நல்ல நிலையில் உள்ளவர்கள் கைவிட்டுப் போயிருந்த ஒரு நெரிசலான குடியிருப்பிலேயே வீடு எடுத்துக் குடிபோனார்கள். அக்கம்பக்கத்து ஆட்களோடு சேர்ந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காலி இடங்களில் தோட்டம் போட்டார்கள். முழுக்க இடிக்காதே, கெட்டதை மட்டும் வெட்டியெடு, குடியிருப்பவரைத் துரத்தாதே என்பது அவர் கொள்கை. 1914, 1915இல் சென்னை மாகாணத்தில் சுற்றித் தஞ்சாவூர், மதுரை போன்ற ஊர்களுக்கு அறிக்கை எழுதினார். 1921இல் கொழும்புக்கும் நகரத் திட்ட அறிக்கை கொடுத்தார். பெல்மோரலுக்குப் பக்கத்தில் பிறந்தவர் கொழும்பு வரை வந்தார். ஆனால் அவர் சொன்ன முறை, இங்கே இருக்கிற பெல்மோரலுக்கு வரவே இல்லை.

இப்போ நம்ம பக்கம்.

லயத்தை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரை, நீளமான சுவர், குறுக்கே தடுத்துக் காம்பராக்கள். ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முன்னால் ஒரு இஸ்தோப்பு. சில லயங்களில் ரெண்டு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும், பின்பக்க ஜன்னலே கிடையாது. கோப்பிக் காலத்தில் இது தற்காலிகக் கொட்டில். தேயிலை வந்ததும் வருசம் முழுக்க ஆள் வேண்டும் என்று ஆனது. கொட்டிலில் இருந்தவர்கள் நிரந்தரக் குடிகள் ஆனார்கள், வீடு மட்டும் கொட்டிலின் அளவிலேயே நின்றது. நூறு வருசம் தாண்டிய லயங்களில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் என் பார்வையில் லயத்தின் பெரிய குறை அதன் அளவு இல்லை. டன்கெல்ட் வீடுகளும் சின்னதுதான். லயம் ஒரு 'ஊர்' என்று சட்டத்தின் கண்ணில் பதியவே இல்லை என்பதுதான் குறை. மூன்று விசயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, உரிமை. லயக் காம்பராவில் இருக்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டது. தோட்டத்தில் 'பேர் போடுகிற' ஒருத்தராவது குடும்பத்தில் இருக்கணும். நம்ம பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். முழுப்பேர், அரைப்பேர் என்போம். செக்ரோலில் பேர் இருந்தால்தான் கூரை. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை கை மாறியும், காம்பரா அதில் இருப்பவரின் பேருக்கு மாறவில்லை.

ரெண்டு, ஊராட்சி. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வாக்குரிமை போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கு முந்தைய வருசம், 1947இல், தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் 1914இல் பூண்டுலோயாப் பக்கம் மடகும்புர தோட்டத்தில் பிறந்தவர், லயத்து வாழ்க்கையை இங்கிலிஷிலும் தமிழிலும் எழுதியவர். அப்படிப்பட்ட ஆட்களை அனுப்பிய சனத்தின் வாக்கைத்தான் பிடுங்கினார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று பங்கு போட்டது. மிச்சம் இருந்தவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. வாக்கு திரும்பி வந்த பிறகும் ஒரு வேலி மிச்சம் இருந்தது. 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது. நாம் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பலாம், அவர் வந்து நம்ம லயத்துக்கு ஒரு படிக்கட்டு போட்டுக் கொடுக்கச் சட்டம் விடாது. இந்தத் தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. டன்கெல்ட் வீடுகளைக் காப்பாற்றியதில் பாதி வேலை உள்ளூராட்சி சபை செய்தது என்று மேலே பார்த்தோம். நமக்கு அந்தக் கையே முப்பது வருசம் கட்டப்பட்டிருந்தது.

மூன்று, முகவரி. டன்கெல்டில் தெருவுக்குப் பேர் உண்டு, வீட்டுக்கு நம்பர் உண்டு, கடிதம் கதவுக்கு வரும். நம்ம பக்கம் கடிதம் தோட்ட ஒபிஸுக்கு வரும். அங்கிருந்து தப்பால்காரர் கொண்டுவந்தால் உண்டு. எங்க லயத்தில் ஒரு அக்காவுக்கு நேர்முகப் பரீட்சைக்கான கடிதம், பரீட்சை முடிந்து ரெண்டு நாள் கழித்துக் கைக்கு வந்தது. அவங்க இப்போ கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாங்க. இதைப் படிக்கிற பலருக்கும் இப்படி ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பாங்க. முகவரி என்பது கடிதத்துக்கு மட்டுமான விசயம் கிடையாது. இன்னார் இந்த இடத்தில் இருக்கிறார் என்று அரசும் வங்கியும் ஒத்துக்கொள்கிற ஒரு வரி. அந்த வரியில் நமக்குத் தோட்டத்தின் பேர் இருக்கிறது, வீட்டின் நம்பர் இல்லை.

இவ்வளவுக்கும், மலையகத்தில் பழசைப் பாதுகாக்கிற வேலை நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நல்லாவே நடக்கிறது. துரை பங்களாக்கள் பல, காசல்ரீ ஓரத்து டன்கெல்ட் பங்களா உட்பட, இன்று உல்லாச விடுதிகள். கந்தப்பளையில் பழைய தேயிலை ஸ்டோரு ஒன்று நட்சத்திர ஹோட்டல். கண்டி ஹந்தானையில் தேயிலை மியூசியம். லூல்கந்துரவில் டெய்லரின் வீடு இருந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள். துரையின் வீடும் மெஷினும் 'மரபு' ஆகிவிட்டன. லயம் மட்டும் 'பிரச்சினை' என்ற தலைப்பிலேயே இருக்கிறது. இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு, கம்பளைக்குக் கிட்ட பரதெக்கவில் பழைய பீகொக் தோட்டத்து லயத்தில் 2007இல் திறக்கப்பட்ட தொழிலாளர் மியூசியம். கவ்வாத்துக் கத்தி, கூடை, தப்பு, பத்திரங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் கட்டாயம் பிள்ளைகளைக் கூட்டிப் போகணும்.

"அப்போ லயத்தையும் டன்கெல்ட் மாதிரி திருத்திப் பாதுகாக்கணுமா?" என்று கேட்பீங்க. என் பதில், இல்லை. டன்கெல்டில் எரிந்த ஊரைத் திரும்பக் கட்டியது அந்த ஊர் ஆட்கள். அந்த வீட்டில் அவர்களின் விருப்பம் இருந்தது. லயத்தைக் கட்டியது கணக்குப் பார்த்த கம்பனி, கண்காணிக்க வசதியாக ஒரே வரிசையில். அந்தச் சுவரைக் காப்பாத்த வேண்டிய கடமை நமக்குக் கிடையாது. அதிலும் 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவு லயங்களை ஆட்களோடு மூடியதைப் பார்த்த பிறகு, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையை உலுக்கிய பிறகு, பழைய லயத்தில் இன்னும் இரு என்று யாரையும் சொல்லக் கூடாது.

டன்கெல்டிலிருந்து எடுக்க வேண்டியது வேற. வீடு திருத்தும்போது அங்கே ஊரைக் கலைக்கவில்லை. அக்கம்பக்கம், சந்தி, கோயில், கடை எல்லாம் சேர்ந்ததுதான் குடியிருப்பு என்று வைத்துத் திட்டம் போட்டார்கள். நமக்கு 7 பேர்ச்சஸ் காணியோடு தனி வீடு வருகிறது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, 2017இல் நோர்வூட் கூட்டத்தில் மேலும் 10,000 அறிவிப்பு. 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவில் பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிசு என்று எங்க அம்மாயியைக் கேட்டால் தெரியும். அந்த வரிசையில் நான் குறை சொல்ல வரவில்லை, வேகமாக வரணும் என்றுதான் சொல்கிறேன். கூடவே சில கேள்விகளைக் கேட்கணும். காணி உறுதி யார் பேரில், பொம்பளைகள் பேரிலும் வருமா? புது வீட்டுத் திட்டத்துக்குப் பாதையைப் பிரதேச சபை ஏற்குமா? வீட்டுக்கு நம்பரும் தெருவுக்குப் பேரும் உண்டா? அந்தப் பேரை வைக்கப்போவது யார்?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் ஓர் இளைஞன் தன் ஊர் ஞாபகத்தில் ஒரு மலைக்குப் பேர் வைத்தான், அந்தப் பேர் இன்றும் நிற்கிறது. டன்கெல்ட், டன்சினன், ஹோலிரூட் என்ற பேர்களை அழிக்கச் சொல்லவில்லை. அவை இப்போ நம்ம பேர்களும்தான், அந்தப் பேர் சொல்லித்தான் சங்கமும் கிரிக்கெட் டீமும் நடத்துகிறோம். ஆனால் புதுசாகப் போடும் தெருவுக்கு முசிறியோ, ரோதை முனியோ, அந்த லயத்தில் முதல் ஆளாக வந்து குடியேறிய பாட்டியோ பேராக வரட்டுமே.

அதுக்கு முதலில் அந்தப் பேர்கள் நம்மிடம் இருக்கணும். லயம் இடிகிற வேகத்தில் அவை போய்க்கொண்டிருக்கின்றன. இந்த லீவில் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு போங்க. உங்க கணக்கில் எத்தனை லயம், ஒவ்வொன்றுக்கும் சனம் வைத்த பேர் என்ன, எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம், எந்த ஊரிலிருந்து வந்தாங்க, எந்தக் கல்லில் எந்தச் சாமி என்று வயசானவங்களைக் கேட்டு எழுதுங்க. துரையின் கடிதத்தைக் காப்பாத்த ஒரு தேசிய நூலகம் இருக்கிறது. நம்ம ஆட்கள் நினைவில் வைத்திருப்பதைக் காப்பாத்த இப்போதைக்கு அந்தக் கொப்பிதான் இருக்கிறது.